முசியே வீட்டு ஜினியாப் பாத்தி

வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

விடிகாலையில் கிணற்றிலிருந்து சேந்திய தண்ணீர். அறுத்த ஜினியாக் காம்புகளின் அடியிலைகளை உருவிவிட்டு, வாளியில் நிறுத்தி, வெயில் எட்டிப் பார்க்காத பின்கட்டில் வைத்திருந்தாள் தனக்கொடி. மத்தியானம் கையை விட்டால் சில்லென்று இருக்க வேண்டாமோ? காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை முகர்ந்தாள். வியர்வை வாடை. எல்லாம் இந்த வீட்டு லட்சணம் என்று முணுமுணுத்தபடி பூக்களை எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரைக் கொட்டி வேறு தண்ணீர் மாற்றினாள்.

இந்த வீட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். பிரெஞ்சு ஆட்சி முடிந்து கொடி இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, இங்கே தோட்டவேலை பார்த்த அவள் தம்பி அரிகிருஷ்ணன் காலையில் வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. வெள்ளிக் கரண்டிகளைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு ஓடிவிட்டான் என்றார் வீட்டுக்காரரான முசியே. கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் சொன்னால் ஊர் நம்பாதா? ரெட்டியார்பாளையம் முழுக்க நம்பியது. தனக்கொடி நம்பவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா, அது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பார்த்த வேலைக்கே வந்து சேர்ந்தாள். ஒன்பது மாதம் ஆகிவிட்டது, ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

கப்பலில் வந்த விதையை, தம்பி கடைசியாகக் கொத்திப்போட்ட பாத்தியில் ஏப்ரல் மாதம் அவள்தான் ஊன்றினாள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நடுக்குருத்தைக் கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் கிளைத்து, மேஜை ஜாடிக்கு ஏற்ற நீளக் காம்போடு பூக்கும். கிள்ளுவது அவளுக்குப் பிடித்துப்போனது. முசியேயின் கழுத்து என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நறுக் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளக் கிள்ளக் கிளைத்தது. அறுக்க அறுக்கப் பூத்தது, வெள்ளையும் சிவப்புமாக.

இன்று ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசத் திருநாள். சாயங்காலம் விருந்து. முசியேயின் பெண்டாட்டி மதாம் சமையல்காரியைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மாடியிலிருந்து முசியேயின் குறட்டை மட்டும் இறங்கி வந்தது. திருடன் என்று பட்டம் கட்டிவிட்டு எவ்வளவு நிம்மதியான தூக்கம்! தனக்கொடிக்கு வயிறு எரிந்தது. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டினாள். கோயிலில் இப்படித்தான் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சாமி முன்னால் வைக்க வேண்டும், அரளியோ நந்தியாவட்டையோ வேண்டும், ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. இருந்த கோபத்தில் அவளுக்கு எது நினைவிருந்தது? பாத்தி வரப்பிலேயே இரண்டையும் குலுக்கிப் போட்டாள்.

"வெள்ள வந்தா என் தம்பி உசிரோட இருக்கான். செவப்பு வந்தா இல்ல. சொல்லு."

ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"பொய்யி."

திரும்ப மடித்தாள். கட்டினாள். குலுக்கினாள். எடுத்தாள்.

சிவப்பு.

மற்ற பொட்டலத்தையும் பிடுங்கிப் பிரித்தாள். வெள்ளைப் பூவைத் தன் கையால் வைத்துக் கட்டியது. அதுவும் சிவப்பு. இலையெல்லாம் ஈரம்.

நிமிர்ந்தாள். பாத்தியில் ஒரு வெள்ளைப் பூகூட இல்லை. காற்றில்லை. காக்கைச் சத்தமில்லை. குறட்டையும் நின்றிருந்தது.

"ஏய் தனக்கொடி!" பின்வாசல் படியில் முசியே. விருந்துக் கோட்டு போட்டு, அதில் ஒரு ஜினியாவும் செருகியிருந்தார். "மேஜையில பூவக் காணோம்?"

"என் தம்பி எங்க முசியே?"

"எத்தினி வாட்டி சொல்றது? கடலூர்ல கெடப்பான், திருட்டுப் பய."

"ஒத்தப் பூ கெடையாது உனக்கு!"

அரிவாளை எடுத்துப் பாத்திக்குள் இறங்கினாள். கைக்குச் சிக்கிய காம்புகளைக் கொத்தாகப் பிடித்து அறுத்தாள். சாறு வடிந்தது. வெதுவெதுப்பாக.

"அக்கா."

நின்றாள். யாரும் இல்லை. மறுபடி அறுத்தாள்.

"அக்கா, வலிக்குது."

காலடி மண்ணுக்குள். பக்கத்தில். அறுபட்ட ஒவ்வொரு காம்பிலும். தம்பியின் குரல்.

"கிள்ளாதக்கா."

மூன்று மாதம். எத்தனை குருத்து. எல்லாம் அவள் விரல்.

அரிவாள் நழுவியது. வாளியிலிருந்தும் கேட்டது. பிறகு, படியிலிருந்து.

"அக்கா."

முசியேயின் வாய் மூடியிருந்தது. மெல்லக் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். கோட்டுப் பூவைப் பிடித்து இழுத்தார். காம்பு வந்தது. ஒரு சாண். ஒரு முழம். சட்டைக்குள்ளிருந்து. சட்டைக்கும் உள்ளேயிருந்து. சிவப்பாக.

அவர் அவளைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"இழுங்க முசியே," என்றாள் தனக்கொடி.

காம்பு வந்துகொண்டே இருந்தது. வேர் இன்னும் தென்படவில்லை.