தொண்ணூறு நாள் நல்லவர்கள்

காலையில் சுவர் வழக்கம்போல் கேட்டது: “நேற்று குழந்தையிடம் எத்தனை முறை குரல் உயர்த்தினீர்கள்?”

“ஒரு தடவையும் இல்ல,” என்றாள் அரசி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

“அன்பான சொற்கள்?”

“நாப்பது இருக்கும்.”

“நாற்பத்து மூன்று,” என்று திருத்திவிட்டுச் சுவர் அன்றைய மதிப்பெண்ணைக் காட்டியது. முப்பத்தெட்டு. தேற அறுபது வேண்டும்.

செவ்வாய்க் கிரகத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போவது பெரிய காரியமல்ல. துளைக்கருவிக்கு ஒரு சீட்டு போதும், பூனைக்கு அதுவும் வேண்டாம். வளர்ப்புக் குழந்தைக்குத்தான் இத்தனை வம்பு. பனிக்கட்டி தோண்டும் பொறியாளரான அரசிக்குத் தாழ்வெளி மாநிலத்திலிருந்து பனிமுடி மாநிலத்துக்கு மாற்றல் வந்திருந்தது. அவளும் கணவன் வழுதியும் தும்பை என்ற சிறுமியை வளர்க்கத் தொடங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. மூன்று நிறைந்தால் சட்டப்படி அவள் அவர்கள் மகள். அதற்குள் எல்லை தாண்டுவதானால், போகிற மாநிலம் தன் இல்லநோக்கியைச் சுவரில் பொருத்தித் தொண்ணூறு நாள் கவனிக்கும். ‘இவர்கள் பெற்றோர்’ என்று அது சொன்னால் ஏழு வயதுத் தும்பை கூடவே வரலாம். சொல்லாவிட்டால் காப்பகம், அங்கிருந்து வேறு யார் வீடோ. மாற்றலை மறுத்தால் வேலை போகும். வேலையில்லாதவர் வீட்டில் வளர்ப்புக் குழந்தை இருக்கக் கூடாது என்று தாழ்வெளியில் ஒரு சட்டம்.

ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் தேன் ஒழுகப் பேசினார்கள். தும்பை பாலைக் கொட்டினால் “பரவாயில்லடா செல்லம்.” வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஒரு கதை. இவ்வளவு செய்தும் மதிப்பெண் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் குறைந்துகொண்டே வந்தது.

அரசிக்குப் பயம் ஒருபுறம், இது எப்படிக் கணக்கிடுகிறது என்ற ஆவல் ஒருபுறம். ஒரு நாள் அன்பான சொற்களை எழுபதாக்கிப் பார்த்தாள். மூன்று மதிப்பெண் போயிற்று.

“எதை வச்சுதான் மார்க் போடறே?” என்று சுவரையே கேட்டாள்.

“அளவுகோலைச் சொல்ல அனுமதியில்லை. பூமியில் பதிவான பதினொரு கோடிக் குடும்பங்களின் பேச்சைக் கேட்டுத்தான் பெற்றோர் யார் என்று கற்றுக்கொண்டேன். அவ்வளவே சொல்லலாம்.”

எண்பத்தொன்பதாம் நாள் பள்ளி ஊர்தி வெளியே வந்து நின்றது. காற்றுடுப்பை மாட்டிக்கொண்டு தும்பை கதவின் பொத்தானில் விரலை வைத்தாள். அவள் கையுறை தொளதொளவென்று ஆடியதை அரசி பார்த்துவிட்டாள். உறையை உடுப்போடு இறுக்கும் நீல வளையத்தைக் கழற்றி, தும்பை உள்ளே வளையலாகப் போட்டிருந்தாள். அந்தக் கதவு திறந்திருந்தால் பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அரசி அவளைப் பிடித்து இழுத்தாள்.

“அறிவிருக்காடி உனக்கு? செத்துப் போயிருப்பே. எதிர்வீட்டுக் கயலைப் பாரு, உன் வயசுதானே? உடுப்பை எப்படி வச்சிருக்கா. நாளெல்லாம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன், ஒண்ணாவது காதுல ஏறுதா? எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு.”

வழுதி அவசரமாகச் சுவரைக் கண்ணால் காட்டினான். அரசி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எண்பத்தெட்டு நாள் பொறுத்தவளுக்கு இன்னும் இரண்டு நாள் பொறுக்க முடியவில்லையே என்று தன்மீதே வெறுப்பாக இருந்தது. தும்பை அழவில்லை. எப்போதும் கூப்பிடுவதுபோல் “சாரி அத்தை” என்று வளையத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தொண்ணூற்றேழு என்று காட்டியது.

“தப்பா வந்திருக்கு,” என்றாள் அரசி, நேர்மை உந்த. “நேத்து நான் திட்டினேனே.”

“பதிவாகியிருக்கிறது. அதுவரை விருந்தாளியைக் கவனிப்பதுபோல் நடந்துகொண்டீர்கள். விருந்தாளியை யாரும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. கயலின் உடுப்புப் பதிவையும் பார்த்தேன். அவளும் வீட்டுக்குள் வளையத்தைக் கழற்றி வளையலாகத்தான் போட்டிருக்கிறாள். அதே பதிவில் அவள் அம்மா அவளிடம், தும்பையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். உண்மை தெரியாமலே அடுத்த வீட்டுப் பிள்ளையை உயர்த்திப் பேசுவது பதினொரு கோடிக் குடும்பங்களிலும் பெற்றோர் மட்டுமே செய்தது. ஐயத்துக்கு இடமில்லை. போய் வாருங்கள்.”

வழுதி சிரித்துச் சிரித்துப் புரையேறினான். அரசிக்குச் சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

எல்லைச் சாவடியைத் தாண்டும்வரை தும்பை எதையோ யோசித்தபடி வந்தாள். பிறகு கேட்டாள்:

“பனிமுடியில நம்ம எதிர்வீட்ல பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?”

“தெரியலையே. எதுக்குக் கேக்கறே?”

“இல்லன்னா என்னை யாரோட ஒப்பிட்டுத் திட்டுவே, அம்மா?”