இன்னும் இரண்டு செம்பு வெந்நீர்

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி அபிதாவின் கையில் கொடுத்த பிறகும், குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கவில்லை.

முதல் நாள் அபிதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளோரி அக்கா கால் கழுவுகிறாள் என்று நினைத்தாள். மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். சளப்பென்று கொட்டுகிற சத்தம் இல்லை அது. உள்ளங்கையைக் குவித்து, விரல்களின் வழியாக மெல்ல வழியவிடுகிற சத்தம். கண்ணிலும் மூக்கிலும் விழுந்துவிடாமல் ஒரு பச்சைப் பிள்ளைக்கு ஊற்றுவதைப் போல. நடுநடுவே நாக்கைத் தட்டிக் கொஞ்சுகிற ஒலி வேறு.

வினோஜும் அவளும் வாடகைக்கு எடுத்திருந்த அந்த வீடு பேச்சிப்பாறைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. ஆனி மாதத்து மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை சன்னல் வழியே வந்து, துவைத்து மடித்த குழந்தைத் துணிகளில்கூட ஏறியிருந்தது. அபிதாவுக்குத் தாய் இல்லை. வினோஜின் தாய் இடுப்பு எலும்பு முறிந்து அஞ்சுகிராமத்தில் மூத்த மகன் வீட்டில் கிடந்தாள். வினோஜ் காலையில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். பிள்ளையை எந்தப் பக்கம் தூக்குவது என்றுகூடத் தெரியாமல் இருவரும் விழித்தபோது, கால்வாய்க்கு அக்கரையிலிருந்து குளிப்பாட்ட வந்தவள்தான் குளோரி.

நல்ல மனுஷி. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதையெல்லாம் அபிதா ஒப்பித்தபோது அவள் கோபப்படவில்லை.

"மூக்குல ஊதப்படாது, காதுல எண்ண விடப்படாதா? செரி மக்களே, ஊதல. எனக்க வாய்க்குப் பேசதுக்கே நேரம் காணாது."

தண்ணீரில் முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து சேலையை முழங்கால் வரை ஏற்றி, இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டு, அந்தக் கால்களின் பள்ளத்தில் பிள்ளையைக் கிடத்துவாள். உருக்கெண்ணெய் தேய்க்கும்போது அவன் அழுகையே மறந்துவிடுவான். அவன் பிடரியில் செம்பருத்தி இதழ் ஒட்டினதுபோலப் பிறந்தபோதே ஒரு சிவப்புத் தழும்பு உண்டு. அந்த இடத்தில் மட்டும் அவள் விரல்கள் இன்னும் மெதுவாகப் போகும்.

ஆனால் எண்ணெய்க் குப்பி சீக்கிரம் காலியாயிற்று. கொடியில் எப்போதும் இரண்டு துவர்த்துத் துண்டுகள் நனைந்து தொங்கின. ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு துவர்த்து?

கேட்டிருந்தால் குளோரி சொல்லியிருப்பாள். அபிதா கேட்கவில்லை. பாலைக் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டு, ஏப்பம் வரட்டும் என்று முதுகைத் தட்டிக்கொண்டே குளியலறைக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

குளோரி பலகையில்தான் இருந்தாள். கால்கள் நீண்டிருந்தன. கால்களின் மேல் எதுவும் இல்லை. இடது கை ஒரு சின்னத் தலையைத் தாங்குவதுபோல வளைந்திருக்க, வலது கை செம்பைச் சாய்த்து, பைய, பைய ஊற்றியது. பிறகு செம்பை வைத்துவிட்டு இல்லாத ஒன்றைத் திருப்பிக் குப்புறப் போட்டாள். முதுகைத் தேய்த்தாள். துவர்த்தால் ஒற்றி எடுத்தாள். உயர்த்தி, வெறும் காற்றில் முத்தம் கொடுத்தாள்.

அபிதாவின் தோளில் பிள்ளை ஏப்பம் விட்டது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவளுக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது.

மறுநாள் அவள் கைபேசியைப் படமெடுக்க விட்டு, சோப்புத் தட்டின் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மாலையில் படத்தைப் பார்த்த வினோஜ் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏட்டி, இது வட்டு, கிறுக்கு. நல்ல முத்தின வட்டு. இவ கையிலயா நம்ம பிள்ளயக் குடுத்தோம்?"

"பில்லி சூனியமா இருக்குமோ?"

"என்ன எழவா வேணும்னாலும் இருக்கட்டு. நாளைக்கே நிறுத்திரணும்."

காலையில் குளோரி குடையை மடக்கிக்கொண்டு படியேறியபோது வினோஜ் வழியில் நின்றான். இனி வரவேண்டாம் என்றான். அவன் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள், பிறகு அபிதாவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அபிதாவுக்குப் பிடிக்கவில்லை.

"செரி மக்களே. எனக்கொண்ணும் இல்ல. கயிறு கெட்டுற வரைக்கும் அதுக்கும் ரெண்டு செம்பு வெள்ளம் விட்டிரு."

"எதுக்கு?"

"இந்த வீட்டுல முன்ன இருந்தவங்களுக்க பிள்ள. அரையில கயிறு கெட்டதுக்கு முன்னயே போயிட்டு. நாந்தான் குளிப்பாட்டினேன். ஒண்ணு குளிக்கத பாத்துக்கிட்டு இன்னொண்ணு நிக்கதுன்னா பாவம் இல்லியா? அதுவும் பிள்ளதானே. கயிறு கெட்டிட்டா ஒனக்க பிள்ள ஒனக்குன்னு ஆயிரும். அது வரைக்கும் அதுக்குத் தெரியாது, எந்தத் தள்ள தன்னப் பெத்தவன்னு."

"போங்க அக்கா, போதும்," என்றான் வினோஜ்.

குளோரி குடையை விரித்து இறங்கினாள். மழையில் கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அபிதா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

வினோஜ் வேலைக்குப் போனபின் அந்தப் படத்தை மறுபடி ஓடவிட்டாள். அழித்துவிடத்தான் எடுத்தாள். குளோரியின் கை செம்பைச் சாய்த்தது. தண்ணீர் இறங்கியது. இறங்கியது, ஆனால் கால்களைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் எதன் மேலோ விழுந்து, உருண்டையாகப் பரவி, இரண்டு பக்கமும் பிரிந்து வழிந்தது.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வினோஜிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் வட்டு என்பான். தண்ணீர் ஊற்றவும் இல்லை. வெறும் தரைக்கு எதற்குத் தண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு செம்பு வெந்நீர். அடுப்பிலும் இருந்தது, கையிலும் இருந்தது. மனசில்தான் இல்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி பிளாஸ்டிக் தொட்டியில் அவளே குளிப்பாட்டினாள். தலையைத் தாங்கி, கழுத்து மடிப்பைத் துடைத்து, தொப்புள் ஆறிய இடத்தை ஈரமில்லாமல் ஒற்றி, எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பிள்ளை வீரிட்டது. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து வீரிட்டது. பிறந்த பிள்ளைக்குத் தூரத்துப் பார்வை தெரியாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் அது பக்கத்தில்தான் நின்றது.

அன்று பிற்பகல் பிள்ளை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் துணித்தொட்டில் கனத்துத் தொங்குவதைக் கண்டாள். காற்றில் ஆடும் வெறும் துணிபோல அது படபடக்கவில்லை. அடிப்பக்கம் உருண்டு, மெல்ல, மெல்ல அசைந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு ஈரம் தரையில் விழுந்தது.

இன்னொரு சொட்டு.

அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கினாள். நாளை இருபத்தெட்டுக்கெட்டு, பிள்ளைக்கு அரைக்கயிறு கட்டும் இருபத்தெட்டாம் நாள். கயிறு ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நாளை வரைக்கும்தானே.

மறுநாள் காலையிலேயே அஞ்சுகிராமத்திலிருந்து வினோஜின் அண்ணனும் அவன் மனைவி பெபிஷாவும் வந்துவிட்டார்கள். கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. கறுப்புக் கயிற்றை மஞ்சளில் தோய்த்து வைத்தாயிற்று.

"பெட்டெனக் குளிப்பாட்டிட்டு வா அபிதா," பெபிஷா குரல் கொடுத்தாள். "நேரம் தப்பினா எனக்க மாமியா படுத்த எடத்துல கெடந்தே என்ன ஏசுவா!"

அபிதா குளியலறைக்குள் போனாள். தொட்டியில் வைத்ததும் பிள்ளை ஊரைக் கூட்டியது. இத்தனை பேர் இருக்கும்போது இப்படி அழுதால் என்ன நினைப்பார்கள்? அவள் பலகையை இழுத்துப் போட்டாள். குளோரியைப்போலவே கால்களை நீட்டினாள். பிள்ளையைக் கிடத்தினாள். அழுகை அடங்கியது. எண்ணெய், வெந்நீர், பயற்றமாவு. கதகதப்பான அந்தச் சின்ன உடம்பின் பாரம் கால்களில் இருந்தது.

துவர்த்தை எடுக்கத் திரும்பினாள். ஒரு கணம்.

கால்களில் இன்னொரு பாரம் ஏறியது.

முழங்காலுக்குக் கீழே. குளிர்ந்து. நனைந்த மண்போல.

மின்சாரம் போயிற்று. சன்னல் வெளிச்சத்தில் கால்களின் மேல் ஒரு பிள்ளை தெரிந்தது. ஒரே ஒரு பிள்ளை. கண்ணுக்குத் தெரிந்த அதை வாரி எடுத்துத் துவர்த்தில் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

"ஆகா, என்ன சாது!" பெபிஷா வாங்கிக்கொண்டாள். "எனக்கவனுக்குக் கயிறு கெட்டும்போ நாலு வீட்டுக்குக் கேட்டுது, தெரியுமா?"

வினோஜ் பிள்ளையின் அரையில் கறுப்புக் கயிற்றைக் கட்டினான். வெற்றிலையால் ஒரு காதை மூடி, மறு காதில் பெயரை மூன்று முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் அது தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். அபிதாவும் சிரித்தாள். அப்பாடா. முடிந்தது.

பால் கொடுக்க அறைக்குள் தூக்கிப் போனாள். வாய் பட்டதும் அவளுக்குச் சிலிர்த்தது. பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்த வாய். தலையில் உருக்கெண்ணெய் வாசனை இல்லை. பாசி வாசனை. பிடரியைத் திருப்பிப் பார்த்தாள்.

வெள்ளையாக இருந்தது. சிவப்பு இல்லை.

"இதப் பாருங்க," என்றாள். "தழும்பக் காணல."

"அது நாள் ஆக ஆக மறையும்னு நர்ஸே சொன்னாளே," என்றான் வினோஜ். "என்ன முகம் இப்பிடி வெளிறிக் கெடக்கு? தா, இவன அண்ணி கிட்ட குடு. நீ செத்த நேரம் படு."

பெபிஷாவின் தோளுக்குப் போன பிள்ளை அபிதாவைப் பார்த்துச் சிரித்தது. இந்த வயதில் முகம் பார்த்துச் சிரிக்காது. அதுவும் நர்ஸ் சொன்னதுதான்.

அப்போது அழுகை கேட்டது. குளியலறையிலிருந்து. பசி அழுகை. வேறு யாரும் திரும்பவில்லை. அவள் மார்பு மட்டும் கேட்டது. பால் சுரந்து ரவிக்கையை நனைத்தது.

ஓடினாள். ஈரத் தரை. பலகை. ஆறிக்கொண்டிருக்கும் வெந்நீர். யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்திலிருந்து அவள் பிள்ளை அழுதது.

உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். காத்திருந்தாள்.

பாரம் ஏறியது. கதகதப்பாக.

"எனக்க தங்கம்," என்றாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். இடது கையை வளைத்துத் தலையைத் தாங்கினாள். செம்பைச் சாய்த்தாள். பைய, பைய. தண்ணீர் ஒரு சாண் உயரத்தில் எதன் மேலோ விழுந்து, இரண்டு பக்கமும் பிரிந்து வழிந்தது. அழுகை நின்றது.

நிமிர்ந்தபோது கதவு இடுக்கில் வினோஜின் கைபேசி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, பெபிஷாவின் தோளில் கன்னத்தை வைத்தபடி, அரையில் புதுக் கறுப்புக் கயிற்றோடு அது சிரித்துக்கொண்டிருந்தது.