பச்சை எரியும் வீடு

இட்லி அவிக்கும் நேரம் வந்தால் திலகவதி மின்னடுப்பைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விடுவாள். துணி காயப்போடுவதும் அங்கேதான். பருவம் மாறிப்போய் ஆண்டில் ஒன்பது மாதம் மழை கொட்டும் கடலூரில், அந்த அடுக்ககத்தின் நாற்பது வீடுகளும் இப்படித்தான் காலம் தள்ளின.

காரணம் கூடத்துச் சுவரில் இருந்த ஈரமானி. காற்றில் ஈரம் அளவாக இருந்தால் பச்சை விளக்கு, எல்லை தாண்டினால் சிவப்பு எரியும். உடனே சுகாதார அலுவலகத்தார் வந்து வீட்டாரை உலர்முகாமுக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் வீட்டைப் பூட்டிப் பூசணத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பூசண ஒவ்வாமையில் ஊரே மூச்சுத் திணறிய பிறகு வந்த நல்ல சட்டம்தான். ஆனால் எந்தப் புண்ணியவானோ கருவியைக் கூடத்தில் மட்டும் மாட்டச் சொல்லிவிட்டான். ஜனங்களும் ஈரத்தையெல்லாம் உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திலகவதி வீட்டில் மூன்று வருடமாகப் பச்சை மாறவில்லை. அதில் அவள் கணவன் குமரேசனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

மகள் நறுமுகைக்கு ஏழு வயது. ஆறு மாதமாக இருமலும் இழுப்பும். "வீட்ல பூசணம் இருக்கா?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், "எங்க வீட்ல பச்சைதான் டாக்டர்," என்று திலகவதி சொல்லிவந்தாள்.

இன்று உருண்டோடிய மூடி ஒன்றை எடுக்க மகளின் கட்டிலை இழுத்தாள். தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பு. குழந்தையின் மூக்கு இருக்கும் உயரத்தில்தான் அதிகம் அப்பியிருந்தது. சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"பச்சை எரியுற வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டோம்மா."

"சுவரு கறுத்துக் கெடக்கு சார்."

"மானி பச்சை காட்டுதுல்ல?"

அவள் போனை வைத்தாள். கொதிக்கும் இட்லிப் பானையை அடுப்போடு கூடத்துக்குக் கொண்டுவந்து, ஈரமானிக்கு நேர் கீழே வைத்து மூடியைத் திறந்தாள்.

குமரேசன் பதறி ஓடிவந்தான். "என்னடி பண்ற? பத்து நாள் முகாம்ல கெடக்கணும்."

"உள்ள போய்ச் சுவரப் பாருங்க."

போய்ப் பார்த்து வந்தவனின் குரல் இறங்கியிருந்தது. "நாமளே தொடச்சிடலாமே."

"தொடைக்கலாம். நாளைக்கும் மழை பெய்யும். நான் அங்கதான் அவிப்பேன், நீங்க அங்கதான் துண்டக் காயப்போடுவீங்க."

சற்று நேரத்தில் சிவப்பு எரிந்து, மானியின் சங்கு அலறத் தொடங்கியது. நறுமுகை இருமியபடி வெளியே வந்து விளக்கைப் பார்த்தாள். சிவப்பு எரிந்தால் வீட்டில் தப்பு நடந்திருக்கிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டமாம்மா?"

"ஆமாண்டி," என்று திலகவதி அவளைத் தூக்கிக்கொண்டாள். "மூணு வருஷமா."