முதல் கொட்டாங்கச்சி யாருக்கு?

போன் அலறியது!

குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஓடி வந்த மாரீன் டாயல் போனை எடுத்தாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் செமிசி பேசறேன். அரண்மனையில ஒரு பிணம் கிடக்கு."

"ஐயோ! யாரோட பிணம்?"

"பன்னி மேடம்."

"என்னது?"

"பன்னி. இன்னிக்கு விருந்துக்குன்னு கொழுக்க வெச்சிருந்தது. ராத்திரி காவா கொட்டகைக்குள்ள பூந்து, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்த கொட்டாங்கச்சியை நக்கியிருக்கு. நக்கின இடத்துலயே காலி!"

மாரீன் கட்டிலில் உட்கார்ந்தாள்.

முப்பது வருட சர்வீஸ். எத்தனை ஊர், எத்தனை தூதர்கள்... அத்தனை பேருக்கும் குடை பிடித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தூதர் நாற்காலி ஏதாவது ஒரு மந்திரியின் மச்சானுக்குத்தான் போகும். இந்த முறைதான் கான்பெராவுக்கு அவள் ஞாபகம் வந்திருந்தது. வைமாலு ராஜ்யத்துக்குத் தூதர்! இன்று காலை பத்து மணிக்கு மன்னரிடம் நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டும். விழாவில் காவா வேரை இடித்துக் கரைத்த பானத்தைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, முதலில் விருந்தாளிக்குக் கொடுப்பது அந்தத் தீவின் மரியாதை.

அதற்குள் எவனோ விஷம் தடவியிருக்கிறான்!

"கைரேகை ஏதாவது?"

"அதையும் பன்னி நக்கிடுச்சு மேடம்! பேசாம விழாவை நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா அவன் தப்பிச்சிடுவான். நாளைக்கு என் சூப்புல போடுவான்."

"அப்போ கொட்டாங்கச்சியை வேண்டாம்னு சொல்லிடுங்க."

"மன்னர் முன்னாடியா? முதல் காவாவை மறுத்தா, சாயங்கால விமானத்துல என்னைப் பெட்டியோட ஏத்திடுவாங்க. முப்பது வருஷம் போச்சு!" மாரீன் யோசித்தாள். "இன்ஸ்பெக்டர், வழக்கமா பத்திரம் குடுத்த பிறகுதானே காவா?"

"ஆமா. உங்க தூதரகத்துல இருந்து யாரோ போன் போட்டு மாத்தச் சொன்னாங்களாம். காவா முதல்ல, பத்திரம் அப்புறம்."

மாரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியா சேதி! நான் சொல்றதை அப்படியே செய்யுங்க..."

குரலைத் தாழ்த்தினாள்.

*

காரில் பக்கத்தில் கிரஹாம் பெல்லாமி. தூதரகத்தில் இரண்டாவது ஆள். பழைய தூதர் போன பிறகு இரண்டு வருடமாக இவன்தான் பொறுப்புத் தூதர்.

வாய் நிறைய வெண்ணெய் ரொட்டி.

"மேடத்துக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கோ?"

"உங்களுக்கு வருத்தமா இருக்குமே கிரஹாம்? ரெண்டு வருஷம் நீங்க உட்கார்ந்த நாற்காலி..."

"சேச்சே! உங்க அனுபவம் என்ன, நான் என்ன!"

இன்னொரு ரொட்டியை எடுத்துக் கடித்தான்.

*

அரண்மனை முற்றம். பாய் விரித்து ஊரே சம்மணமிட்டிருந்தது. நடுவில் மரத்தொட்டி நிறையக் காவா.

மன்னரின் கட்டியக்காரர் கிழவர் வாயிலா தொண்டையைச் செருமினார்.

"கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு முதல் காவா!"

ஊர் வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிய வீரன் கொட்டாங்கச்சியை ஏந்தி வந்து மாரீன் முன்னால் மண்டியிட்டான்.

அவள் கை நீட்டவில்லை!

கூட்டம் முணுமுணுத்தது. மன்னரின் புருவம் ஏறியது.

"என்னம்மா, எங்க காவா உனக்கு ஆகாதோ?"

"ஐயோ, மகாராஜா! ஆசையா இருக்கு. ஆனா பத்திரம் இன்னும் என் கைப்பையிலதான் இருக்கு. அது உங்க கைக்கு வந்தாத்தான் நான் தூதர். இந்த நிமிஷம் எங்க தூதரகத்துக்குத் தலைவர் மிஸ்டர் கிரஹாம். தலைவரைத் தாண்டி நான் குடிச்சா முறையா?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கில்லாடிதான் நீ! முறைன்னா முறைதான். அவனுக்கே குடுங்கப்பா!"

கொட்டாங்கச்சி திரும்பியது.

கிரஹாமின் முகம் வெளிறியது.

"எ... எனக்கு வயிறு சரியில்ல..."

"கார்ல அவ்வளவு ரொட்டி உள்ள போச்சே?" என்றாள் மாரீன்.

"குடிங்க ஐயா!" வாயிலா அதட்டினார். "ராஜாவே காத்திருக்காரு!"

கொட்டாங்கச்சி உதட்டருகே வந்தது. கிரஹாம் பின்னால் சாய்ந்தான்.

"வேண்டாம்! குடிச்சா செத்துடுவேன்!"



"எப்படிங்க தெரியும்?" தூணுக்குப் பின்னாலிருந்து செமிசி வந்தார். "செத்த பன்னி கூட இன்னும் வாய் திறக்கலையே?"

கிரஹாம் வெடித்தான்.

"ரெண்டு வருஷம் நாயா உழைச்சேன்! இவ நேத்து வந்து என் நாற்காலியில உட்காருவாளா? பத்திரம் குடுக்கறதுக்குள்ள இவ செத்திருந்தா, நான் அப்படியே தொடர்ந்திருப்பேன்!"

"அதுக்காகத்தான் வரிசையை மாத்தினீங்க," என்றாள் மாரீன். "அதனாலதான் கொட்டாங்கச்சி உங்ககிட்ட வந்தது."

செமிசி விலங்கை எடுத்தார்.

"தொடாதே!" கிரஹாம் கத்தினான். "எனக்குத் தூதரகப் பாதுகாப்பு இருக்கு! அதைத் தலைவர்தான் விலக்கணும். இப்போ தலைவர் நான்! விலக்க மாட்டேன்!"

செமிசி தயங்கினார்.

மாரீன் அவசரமே படவில்லை. கைப்பையைத் திறந்தாள். பத்திரத்தை எடுத்தாள். மன்னர் முன்னால் குனிந்து நீட்டினாள்.

மன்னர் வாங்கிக்கொண்டார்.

"வாங்க தூதரம்மா!"

அந்த ஒரு வார்த்தைக்கு முப்பது வருடம் காத்திருந்தவள். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இப்போ தலைவர் நான். காலையிலேயே கான்பெராகிட்ட கேட்டாச்சு. பாதுகாப்பை விலக்கியாச்சு. இன்ஸ்பெக்டர், அள்ளிக்கிட்டுப் போங்க!"

கிரஹாமின் கையில் விலங்கு விழுந்தது. மாரீன் கொட்டாங்கச்சியை வாங்கி, ஒரே மடக்கில் குடித்தாள்.

"ஐயோ!" என்று அலறியவன் கிரஹாமேதான்.

"பயப்படாதீங்க. பன்னி நக்கினது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. இது புதுசு! தைரியமா குடிச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க."

கூட்டம் கைதட்டியது. விருந்து வந்தது. இலையில் ஆவி பறக்கும் சேப்பங்கிழங்கு, மீன், இறைச்சி...

மாரீன் எடுத்த துண்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"இன்ஸ்பெக்டர்... இது எந்தப் பன்னி?"