பார்வதம் வீட்டுக் கிணறு

வாளி தண்ணீரைத் தொட்ட சத்தமே கேட்கவில்லை. வனஜா கயிற்றை இன்னும் இரண்டு முழம் விட்டாள். ராட்டினம் கிறீச்சிட்டது, அவ்வளவுதான். எட்டிப் பார்த்தால், உச்சிவெயிலில் நீலமும் மஞ்சளுமாய் மினுங்கிக்கொண்டு எண்ணெய்ப் படலம் அசையாமல் கிடந்தது. பெட்ரோல் நெடி மூக்கில் ஏறி அடித்தொண்டையில் கசந்தது.

காட்டுப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் பங்கை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மண்ணுக்கடியில் இருந்த டேங்க் கசிந்து கசிந்து, நேரே வனஜாவின் கிணற்றைத் தேடி வந்திருந்தது. தண்ணி டெஸ்ட் பண்ணும் மணவாளன் மாசாமாசம் வந்து, பங்குக்குள் இறக்கியிருந்த குழாய்களிலும் அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனிக் கயிறு, தனி வாளி.

"மாத்திடாதீங்கம்மா. ஒரு சொட்டு போதும், நல்ல கெணறும் நாறிப் பூடும்" என்பார் ஒவ்வொரு தடவையும்.

நல்ல கிணறு யாருடையது? ஒற்றைச் சுவர் தள்ளியிருந்த பார்வதத்தினுடையது! இது எந்த ஊர் நியாயம்? தெருவே குடத்தோடு அவள் வாசலில் நின்றது. 'அக்கா, அக்கா' என்று ஒரே உபசாரம். அதுகூடத் தொலையட்டும். பெற்ற மகள், ஐந்து வயசு வசந்தா, பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் ஓடினாள். அங்கேயே குடித்தாள், குளித்தாள், பின்னலும் போட்டுக்கொண்டாள்.

"நம்ம ஊட்டுத் தண்ணி நாறுதும்மா. நீயும் நாறுறே. நான் அத்தையாண்டயே இருந்துக்கறேன்" என்று நேற்று சொல்லிவிட்டாள். வனஜாவுக்கு ராத்திரி முழுக்க வயிறு எரிந்தது. கிணறு போனால் போகிறது, பிள்ளையையுமா பிடுங்கிக்கொள்வாள் அந்தச் சிறுக்கி?

இன்றைக்குப் பார்வதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

வனஜா கயிற்றை இழுத்தாள். வந்தது கால் வாளித் தண்ணீர். கால் வாளிக்கு அந்தக் கனம் எதற்கு? தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சுவர் இடிந்திருந்த இடத்தில் நுழைந்து, பார்வதத்தின் கிணற்றில் வாளியை இறக்கினாள். பாதிக் கிணறு வரை அவள் இறக்கினாள். அதற்குக் கீழே கயிறு தானாகப் போனது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. பிறகு சட்டென்று தளர்ந்தது. மேலே வந்த வாளி காலி.

திரும்பி வந்து தன் கிணற்றை எட்டிப் பார்த்தாள். படலம் இல்லை. நெடி இல்லை. வேறு வாளியில் இறைத்துக் குடித்தாள். அடடா, என்ன இனிப்பு! அடியே பார்வதம், இப்போது தெரியும் உன் பவிசு என்று சிரித்தாள். வாய்தான் சிரித்தது. சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு டம்ளரில் தண்ணீரோடு வாசலில் உட்கார்ந்தாள். வசந்தா வரட்டும். முதல் மடக்கு என் கையால் குடிக்கட்டும்.

நாலேகால். நாலரை.

சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தாவின் சிரிப்பு. யாரோ பதில் சொல்கிறார்கள். பார்வதம் வந்துவிட்டாளா? முன்கதவில் பூட்டு தொங்கியது.

"வாடி என் கண்ணு. அம்மாகிட்ட வா."

அது வனஜாவின் சொந்தக் குரல்.

ஓடினாள். இடிந்த சுவர். துவைக்கும் கல். பெட்ரோல் நெடி. கிணற்றுக் கட்டையின் மேல் பையோடு வசந்தா, இரண்டு கையையும் நீட்டியபடி.

"தூக்கிக்கோம்மா."

வனஜா கத்தினாள். காற்றுதான் வந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு கைகள் எழுந்தன. நீலமும் மஞ்சளுமாய் வழிந்துகொண்டு, பதமாகக் குழந்தையை வாரி எடுத்தன. வசந்தா அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் கன்னத்தை வைத்தாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.