தூண்டில், நண்டு, ஒற்றைக்கால் கொக்கு

பாலத்து இராணுவச் சென்றியில் மூர்த்தியைச் சோதனைக்கு இறக்கி உட்கார வைத்ததற்குக் காரணம் துப்பாக்கியுமில்லை, குண்டுமில்லை. ஒரு இரசாயனவியல் கொப்பி. அதிலும் அதன் கடைசிப் பக்கம்!

அந்தப் பக்கத்தை எழுதியவள் அவனுடைய தங்கை மங்கையற்கரசி. பத்து வயது. அண்ணனின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பெரியகல்லாற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது அவன் பக்கத்தில் நின்றாள்.

சங்கதி இதுதான். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் சின்னம்மா, அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று தூக்கிப் போட்ட வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதோடு ஒரேயொரு கசெற். ஜப்பானில் ஏதோ ஒரு குட்டிக் கம்பனி செய்தது. எவ்வளவு குட்டி என்றால், கூட வந்த தாளில் முழுக் கம்பனியும் ஒரே படத்துக்குள் அடங்கிவிட்டது. ஆறு பேர், ஒரு பூனை, அவ்வளவுதான்.

விளையாட்டில் ஒரு நீர்நாய்த் தபால்காரன். தீவு தீவாய் நீந்திப்போய்க் கடிதம் கொடுப்பான். ஒவ்வொரு தீவு முடியும்போதும் திரையில் இருபது ஜப்பான் எழுத்துகள் வரும். எழுதி வைத்து, அடுத்த முறை அதையே பார்த்துப் போட்டால் அங்கிருந்தே தொடரலாம். இல்லாவிட்டால் பழையபடி முதல் தீவு! யுத்த காலத்து மின்சாரம் வந்தால் வரும், போனால் போனதுதான். அதனால் எழுத்து வந்ததும் பறந்து பறந்து எழுதுவார்கள்.

எழுத்துகளின் பெயர் யாருக்குத் தெரியும்? அண்ணனும் தங்கையும் தாங்களே பெயர் வைத்தார்கள். வளைந்தது தூண்டில். கால் பரப்பியது நண்டு. இன்னொன்று ஒற்றைக்கால் கொக்கு. மூர்த்தி சொல்லச் சொல்ல மங்கை எழுதுவாள். நேற்று அவளுடைய கொப்பி முடிந்துபோக, கைக்கு அகப்பட்டது அண்ணனின் கொப்பி.

"இது என்ன?" என்று, புத்தகப் பையைச் சோதித்தபோது கண்ட அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டார் சென்றி அதிகாரி. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எடுத்தார். "சிங்களம் இல்ல. தமிழ் இல்ல. இங்கிலீசும் இல்ல. வாசி!"

மூர்த்தி பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"தூண்டில்... நண்டு... ஒற்றைக்கால் கொக்கு, சேர்."

போச்சு! அதிகாரியின் புருவம் தொப்பி வரை ஏறியது.

"நண்டு யாரு? கொக்கு யாரு? எங்க இருக்கிறது?"

"அது ஆக்கள் இல்ல சேர், எழுத்து!"

"பொய்! முகாமுக்கு அனுப்ப வேணும்."

முகாமுக்குப் போகிற எல்லோரும் அன்றைக்கே திரும்பி வருவதில்லை. அது மங்கைக்கும் தெரியும். அழுகை வந்தது. 'நான் அழுதா அண்ணாவ ஆரு கூட்டிட்டுப் போறது?' என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

உள்ளே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சிப்பாய்கள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர்!" என்றாள் மங்கை. "அத எழுதினது நான், அண்ணா இல்ல. அது விளையாட்டுக்குரிய எழுத்து. பெட்டியக் கொண்டாறன், உங்கட ரீவியில போட்டுப் பாருங்க. நான் வருமட்டும் அண்ணா இஞ்சயே இரிக்கட்டும். எங்கயும் அனுப்பாதீங்க!"

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "அரை மணி நேரம்" என்றார்.

மங்கைக்கு அந்தச் சைக்கிளில், பாருக்குக் கீழே கால் விட்டு, அரைப்பெடல்தான் போட வரும். அன்றைக்கு அந்த அரைப்பெடல் பறந்தது. பெட்டியோடு அவள் திரும்பியபோது, பின்னால் அம்மா சீதேவி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

முணுமுணுத்துக்கொண்டே ஒரு சிப்பாய் கிரிக்கெட்டை நிறுத்தினான். மங்கை வயர்களைப் பொருத்தினாள். பட்டன்களை மட்டும் அவள் தொடவில்லை.

"நீங்களே போடுங்க சேர். நான் போட்டா ஏதோ பேய்க்காட்டி ஏமாத்துறன் எண்டு நினைப்பீங்க."

அதிகாரி கொப்பியைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், தடித்த விரலால் ஒரு எழுத்தை அமுக்குவார். இருபதும் முடிந்தது. பெட்டி 'பேங்' என்று கத்தியது. திரை அசையவில்லை.

"கண்ணகை அம்மாளே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் அம்மா.

மங்கை திரையை உற்றுப் பார்த்தாள். "சேர், ஆறாவது எழுத்தப் பாருங்க. கொப்பியில நண்டு. நீங்க கொக்கப் போட்டுட்டீங்க!"

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஆ... நண்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மாற்றினார்.

டிங் டிங் டிடிங்! ஐந்தாம் தீவின் கரையில் நீர்நாய் தபால் பையோடு எழும்பி நின்று கையசைத்தான். சிப்பாய்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மனிதர் விளையாட்டை விட்டால்தானே! ஒரு கடிதத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"தம்பி, போ" என்றார். கொப்பியையும் மூர்த்தியின் கையிலேயே கொடுத்தார்.

அப்பாடா! மங்கை அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நேரமும் வராமல் இருந்த கண்ணீர் அப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது.

"நல்லாப் பயந்திட்டன் அண்ணா."

"நானும்தான்" என்றான் மூர்த்தி.

வீட்டு வளவுக்குள் வந்ததும் அம்மா மூர்த்தியின் தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உடனே தொடங்கினாள் பாருங்கள்!

"படிக்கிற கொப்பியில உங்களுக்கு நண்டும் கொக்கும் கேக்குதா? ரெண்டு பேரும் என்னச் சாகடிக்கவா பாக்கிறீங்க?"

ஏச்சு நிற்கவேயில்லை. மூர்த்தி மங்கையைப் பார்த்தான், மங்கை மூர்த்தியைப் பார்த்தாள். அண்ணனோடு சேர்ந்து நின்று ஏச்சு வாங்குவதில் இத்தனை சந்தோசம் இருக்கும் என்று மங்கைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.