வாயாடி படித்த சிவப்பு வரிகள்

வாயாடிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் கண்ணில் படும் எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிப்பாள். சோப்பு உறை, மருந்துப் புட்டி, பேருந்தின் முதுகு, எதையும் விடமாட்டாள். "கொஞ்சம் வாயை மூடேன்" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அவள் தம்பி சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன். பார்வை மங்கல். கோள்கள் சுற்றுவதைக் காட்டும் ஒரு நிரல் வீட்டுக் கணினியில் இருந்தது. அதென்றால் அவனுக்கு உயிர். ஆனால் அதில் பெயர்கள் பொடிப்பொடியாக இருக்கும். திரையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துவிடும்.

அன்று காலையில் அவன், "எனக்குக் கோளெல்லாம் இப்ப பிடிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பச்சைப் பொய். அது வாயாடிக்குத் தெரியும்.

நேரே அக்காவிடம் ஓடினாள். அக்கா கல்லூரியில் கணினி படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அந்த நிரல் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது என்று அவள் தேடிச் சொன்னாள். எழுதியவர்கள் எதையும் ஒளித்துவைக்கவில்லையாம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாமாம். ஆனால் திருத்துவதற்கு முன், அவர்கள் எழுதியதை அப்படியே இறக்கித் தன் மடிக்கணினியில் ஓடவைக்க வேண்டும் என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. அக்கா இறக்கினாள், ஓடவிட்டாள். திரை முழுக்கப் பிழை சொல்லும் சிவப்பு வரிகள். அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். மறுபடியும் சிவப்பு. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். கடைசி வரியோ 'தோல்வி' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் விடுதிக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அடுத்த விடுமுறை வரைக்கும் தம்பி அந்தப் பொய்யையே சொல்லிக்கொண்டிருப்பதா?

வாயாடி பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்பு வரிகளை முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாதி புரியவில்லை. புரியாதது என்றைக்கு அவளைத் தடுத்தது?

"கொஞ்சம் வாயை..." என்று அக்கா தொடங்கினாள்.

"அக்கா, இதுல ஜாவா பதினேழாம் பதிப்பு வேணும்னு இருக்கு. உன்கிட்ட எது இருக்கு?"

"இருபத்தொண்ணு. புதுசுதான்டி நல்லது."

"தம்பிக்கு வாங்கின செருப்புகூடப் புதுசுதான். கால் உள்ள போகவே இல்லையே."

அக்கா அந்த வரியைத் தானும் படித்தாள். முகத்தில் அசடு வழிந்தது. பதினேழை இறக்கி, இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மடிக்கணினிக்குச் சொன்னாள். சிவப்பு வரவில்லை. கோள்கள் சுற்றின.

எழுத்தின் அளவு இருந்த இடத்தை அக்கா தேடிக் கொடுத்தாள். எண்ணைப் பெரிதாக மாற்றியவள் வாயாடி. அதை வீட்டுக் கணினியிலும் போட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்கள். வேண்டாவெறுப்பாக வந்தவன் வழக்கம்போல மூக்கைக் கொண்டுபோனான். சட்டென்று பின்னால் சாய்ந்தான். நாற்காலியைத் தள்ளிப் போட்டான். "செவ்வாய்... வியாழன்... சனி! இங்கிருந்தே தெரியுது!" என்றான்.

வாயாடிக்கு இன்னொரு கவலை. நிரல்காரர்களின் குறிப்பில் 'ஜாவா வேண்டும்' என்றுதான் இருந்தது, எந்த ஜாவா என்று இல்லை. "அடுத்து வர்றவங்களும் மாட்டிக்குவாங்களே" என்றாள். அக்கா கிளம்பும் முன் 'ஜாவா பதினேழு வேண்டும்' என்று ஒரு வரி எழுதி, வாயாடியின் பெயர் போட்டு அவர்களுக்கு அனுப்பினாள்.

சில நாள் கழித்து அம்மாவின் கைபேசிக்குப் பதிலை அக்கா அனுப்பியிருந்தாள். வாயாடி கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகப் படித்தாள்: "எங்கள் எல்லாரிடமும் பதினேழுதான் இருந்தது. அதனால் எழுத வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் வரியைச் சேர்த்துவிட்டோம். நன்றி, வாயாடி!"

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தம்பி, இது என் அக்கா என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இன்னொரு தரம் படிம்மா," என்றார். "நல்லா சத்தமா."